பீன் பீனை அழைக்கும்போது கிளாஸ் காணவில்லை: ஜாரை எங்கே வைப்பது?

ஜாவா சர்வரில் ஓடும் பீன்கள் (இஜேபி, அதாவது பிசினஸ் வேலையைச் செய்யும் கூறுகள்) இரண்டு: ஆர்டர் பீன், ஸ்டாக் பீனை அழைக்கிறது. பில்ட் ஒழுங்காக முடிந்து டிப்ளாயும் ஆகிவிட்டது. முதல் அழைப்பிலேயே கிளாஸ் இல்லை என்று விழுகிறது. உடனே அந்த கிளாஸ் அடங்கிய ஜாரை, அதாவது கிளாஸ்களைத் தொகுத்த ஃபைலை, கண்ணில் படும் ஃபோல்டரில் எல்லாம் போட்டு ரீஸ்டார்ட் செய்பவர்கள் அதிகம். அன்றைக்கு வேலை நடந்துவிடும், ஆனால் அடுத்த பிழைக்கு அதுவே விதை.

ஜாரைத் தொடுவதற்கு முன் பிழையின் பெயரைப் படியுங்கள். கிளாஸ்நாட்ஃபவுண்ட் எக்ஸெப்ஷன் என்றால், பெயரைச் சொல்லித் தேடிய கிளாஸ் கிடைக்கவில்லை. கான்ஃபிக் ஃபைலில் எழுதிய பெயர், ரிமோட் அழைப்பில் வந்த ஆப்ஜெக்ட் போன்ற இடங்களில் இது வரும். நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் எர்ரர் என்றால், கம்பைல் செய்தபோது இருந்த கிளாஸ் ஓடும்போது இல்லை. அதிலேயே ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று இருந்தால் கிளாஸ் அங்கேதான் இருக்கிறது, அதன் ஸ்டேடிக் பிளாக் (கிளாஸ் முதலில் பயன்படும்போது ஓடும் தொடக்கக் கோட்) தோற்றிருக்கிறது. லாக்கில் மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். ஜாரை எங்கே மாற்றி வைத்தாலும் அது தீராது. காணாமல்போன பெயர் ‘ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்’ என்று தொடங்கி, சர்வர் டாம்கேட் 10 என்றால் அதுவும் வேறு கதை: அங்கே பேக்கேஜ் பெயரே ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டது.

உண்மையிலேயே ஜார்தான் பிரச்சினை என்றால் வழிகள் நான்கு.

சர்வரின் பொது லிப் ஃபோல்டர் சுலபமானது; எனக்கு மிகவும் பிடிக்காததும் அதுதான். அந்த சர்வரில் ஓடும் எல்லா அப்ளிகேஷனும் ஒரே வெர்ஷனில் மாட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர்கள் மேல்-கீழ் அடுக்காக இருக்கும்; மேலே இருக்கும் லோடருக்குக் கீழே இருப்பது தெரியாது. பொது லிப்பில் வைத்த ஜாருக்கு உங்கள் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் ஒரு கிளாஸ் தேவைப்பட்டால், மறுபடி அதே நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட். டேட்டாபேஸ் டிரைவரை அங்கே வைக்கலாம், பிசினஸ் கிளாஸை வைக்காதீர்கள்.

மாட்யூலுக்கு ஒரு நகல் வைப்பது இரண்டாவது வழி. ஒரே இயருக்குள் (பல மாட்யூல்களை ஒன்றாகக் கட்டிய அப்ளிகேஷன் ஃபைல்) இதைச் செய்தால் வருவது எல்லாவற்றிலும் குழப்பமான பிழை: ‘ஸ்டாக்ஐட்டமை ஸ்டாக்ஐட்டமாக காஸ்ட் செய்ய முடியாது’. பெயர் ஒன்றுதான், ஆனால் இரண்டு லோடர்கள் தனித்தனியாக ஏற்றியதால் ஜாவாவுக்கு அவை வேறு வேறு கிளாஸ்கள். வெப்லாஜிக் சர்வரில் வார் ஃபைல் (வெப் மாட்யூல்) இயல்பாக மேல் லோடரை முதலில் கேட்பதால் இந்தத் தவறு பல காலம் மறைந்தே கிடக்கும். வைல்ட்ஃபிளை சர்வரில் வார் தன் லிப்பையே முதலில் பார்க்கும், அங்கே மாற்றியதும் வெளியே வரும்.

மூன்றாவது, ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் கிளாஸ்-பாத் (தேவையான ஜார்களின் பட்டியல்) எழுதுவது; இது பழைய முறை. இன்றும் வேலை செய்யும், ஆனால் கையால் எழுதாதீர்கள். ஒரு வரி 72 பைட்டுக்கு மேல் போகக்கூடாது, தொடரும் வரி ஒரு ஸ்பேஸோடு தொடங்க வேண்டும், கடைசி வரிக்குப் பின் புதுவரி இல்லாவிட்டால் அந்த வரியே படிக்கப்படாமல் போகலாம். பில்ட் கருவியான மேவன் எழுதித் தந்தால் கவலையில்லை.

நான் தேர்ந்தெடுப்பது இயர் ஃபைலின் லிப் ஃபோல்டர். 2006-இல் ஜாவா இஇ 5 கொண்டுவந்த ஏற்பாடு இது: அதற்குள் இருப்பது அந்த இயரின் எல்லா மாட்யூலுக்கும் தெரியும். இன்டர்ஃபேஸ், டிடிஓ (தரவை மட்டும் சுமக்கும் கிளாஸ்), எக்ஸெப்ஷன் மூன்றையும் ஒரே ஜாராக்கி அங்கே ஒரு பிரதி வையுங்கள். வார் ப்ராஜெக்டில் அந்த டிபென்டென்சியை ‘ப்ரொவைடட்’ என்று குறியுங்கள்; அப்போது வாருக்குள் நகல் போகாது. பீனின் இம்ப்ளிமென்டேஷன் மட்டும் அதன் மாட்யூலிலேயே இருக்கட்டும்.

ஸ்டாக் பீன் வேறொரு இயரில் இருந்தால் இது போதாது. வைல்ட்ஃபிளையின் முன்னோடியான ஜேபாஸ் 4-இல் எல்லா அப்ளிகேஷனின் கிளாஸ்களும் இயல்பாக ஒரே தொகுப்பில் கிடந்ததால் தற்செயலாக ஓடியவை பல. 2011-இல் ஜேபாஸ் ஏஎஸ் 7 மாட்யூல் முறைக்கு மாறியபின், சார்பை ஜேபாஸ்-டிப்ளாய்மென்ட்-ஸ்ட்ரக்சர் ஃபைல் போன்ற இடத்தில் வெளிப்படையாக எழுதியாக வேண்டும்.

பீன்கள் தனித்தனி ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் ப்ராசஸ்) ஓடினால் கணக்கே தலைகீழ். அங்கே நகல் வைப்பதுதான் சரி. அழைப்பவரிடம் அந்த ஜார் இருந்தே ஆக வேண்டும். அதோடு திரும்பி வருவது என்ன என்றும் பாருங்கள். மெத்தட் ‘லிஸ்ட்’ தருவதாகச் சொல்லியிருக்கும், உள்ளே வருவது டேட்டாபேஸ் லைப்ரரியான ஹைபர்னேட்டின் ‘பெர்சிஸ்டன்ட்பேக்’ ஆக இருக்கும். அழைப்பவரிடம் ஹைபர்னேட் ஜார் இல்லாததால் கிளாஸ்நாட்ஃபவுண்ட். அதற்காக அங்கே ஹைபர்னேட்டை ஏற்ற வேண்டாம். டிடிஓக்களை ஒரு அர்ரேலிஸ்டில் நிரப்பி அனுப்புங்கள். டேட்டாபேஸ் எக்ஸெப்ஷனையும் அப்படியே எறியாமல், பொது ஜாரில் இருக்கும் உங்கள் எக்ஸெப்ஷனாக மாற்றி எறியுங்கள். மூலப் பிழையை ‘காஸ்’ ஆக உள்ளே வைத்தால் அதுவும் கூடவே பயணிக்கும், ஆகவே செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஜேவிஎம்மை ‘-வெர்போஸ்:கிளாஸ்’ போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து ஏறியது என்று வரிவரியாகச் சொல்லும். ஸ்டாக்ஐட்டம் இரண்டு இடத்திலிருந்து ஏறியிருந்தால், வாருக்குள் இருக்கும் பிரதியை நீக்கிவிட்டு மறுபடி டிப்ளாய் செய்யுங்கள்.