சாய்வு ரேக்கும் ரெண்டு டப்பாவும்: பேட்டைப் பேனல் பட்டறையிலிருந்து

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்துப் போர்வெல் மோட்டார்களுக்குத்தான் அதிகம் போகும். ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. போன வருஷம் வாங்கிப் போட்ட ஃப்ளோ ரேக், அதாவது டப்பா தானாக முன்னால் உருண்டு வருகிற சாய்வு ரேக், எப்படியிருக்கிறது என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் ரேக்கை வாங்கிப் போட்டுவிட்டு அதற்கு டப்பா தேடாதீர்கள். முதலில் டப்பாவை முடிவு பண்ணுங்கள். ரேக்கின் அளவு அதற்குத் தக்கபடி வரட்டும்.

முன்னால் எங்கள் ஸ்டோர்ஸ் ஷெட்டின் கோடியில், கம்பிவலைக்குப் பின்னால் இருந்தது. "எக்கா, 6 ஸ்கொயர் லக்கு தீந்துட்டு" என்று வயரிங் பிள்ளை ஒருத்தி வந்து நிற்பாள். லக் என்றால் வயர் நுனியில் அழுத்தி மாட்டுகிற உலோகக் காது, 6 ஸ்கொயர் என்பது வயரின் தடிமன். நான் நோட்டில் எழுதி, எண்ணிக் கொடுத்து அனுப்புவேன். அவள் போய் உட்காருவதற்குள் இன்னொருத்தி கிளாண்டுக்கு (வயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் மாட்டுவது) வருவாள். கை நிறைய வேலை தெரிந்த பிள்ளைகள் நாளில் பாதியை நடந்தே கழித்தால் பேனல் எப்படி நகரும்? சிலர் அலுத்துப்போய் மேஜை டிராயரில் லக்கைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதனால் நோட்டில் ஒரு கணக்கு, டிராயரில் ஒரு கணக்கு என்று ஆகிவிடும்.

ரேக் இதுதான்: 28 மில்லிமீட்டர் இரும்புப் பைப், மேலே பிளாஸ்டிக் உறை. வெல்டிங்கே கிடையாது. இரண்டு தகட்டு ஜாயிண்ட் பைப்பைக் கவ்விக்கொள்ளும், எம்6 போல்ட்டை 5 நம்பர் ஆலன் கீயால் முறுக்கினால் முடிந்தது. தட்டுக்குப் பதில் சின்னச் சின்னச் சக்கரம் வைத்த ரோலர் பட்டை, முன்பக்கம் சாய்ந்தபடி. பின்னாலிருந்து டப்பாவைத் தள்ளினால் முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல் வரிசை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். காலி டப்பா அதில் ஏறி, நிரப்புகிறவன் பக்கம் தானாகப் போய்விடும். வயரிங் பிள்ளைகள் முன்பக்கம், நிரப்புகிற தம்பி பின்பக்கம். ஒருவர் கை ஒருவர் மேல் படாது.

ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு டப்பா. முன்னது தீர்ந்தால் மேல் வரிசையில் போட வேண்டும், பின்னது முன்னால் வந்துவிடும். காலி டப்பாவே ஆர்டர் சீட்டு. புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: "வீட்டுல ரெண்டு சிலிண்டர் வச்சிருக்கோம்லா? ஒண்ணு தீந்ததும் மத்ததை மாட்டிட்டு உடனே புக் பண்ணுதோம்லா? அதேதான் இது." அதற்கு மேல் விளக்கம் கேட்டவர்கள் இல்லை. தனியாகச் சீட்டு தொங்கவிட்டும் பார்த்தோம், அது சட்டைப் பையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. இப்போது டப்பாவின் முகப்பிலேயே சாமான் படம், பெயர், எண்ணிக்கை, ரேக்கில் அதன் இடம் நான்கும் ஒட்டியாகிவிட்டது.

இனி டப்பா கணக்கு. நாளுக்கு 30 பேனல், ஒரு பேனலுக்கு 24 லக் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 720. எட்டு மணி நேர ஷிஃப்டில் தம்பி இரண்டு மணிக்கொரு தடவை டிராலியோடு சுற்றி வருகிறான், அதாவது நான்கு சுற்று. ஒரு சுற்றுக்கு 180 லக், கொஞ்சம் கைக்காவலுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 198. ஆக டப்பாவுக்கு 200. அது உள்ளங்கை அகல டப்பாவில் அடங்கிவிடும். ரேக் விற்றவர் எல்லா வரிசைக்கும் ஒரே பெரிய சைஸ் டப்பாவாகப் போடச் சொன்னார், பார்க்க அழகாக இருக்குமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய டப்பா வைத்தால் யாராக இருந்தாலும் அதை நிரப்பத்தான் செய்வார்கள். மூன்று நாள் சரக்கு மேஜைப் பக்கத்தில் முடங்கும், அப்புறம் எது தீர்கிறது, எது தேங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கிற கான்டாக்டர் சுற்றுக்கு ஏழெட்டுதான் வேண்டும். அட்டைப் பெட்டியோடு ஒழுங்காக அடுக்க வசதியாக 10 வைத்திருக்கிறோம்.

முதலில் போட்டதை முதலில் எடுப்பது என்பது எங்கள் தொழிலில் வெறும் ஒழுங்குக்காக இல்லை. சிங்கிள் பேஸ் போர்வெல் பேனலில் போடுகிற ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் எலக்ட்ரோலைட்டிக் வகை. சும்மா கிடந்தாலே நாளாக ஆக அதன் குணம் குறையும், வெக்கையில் இன்னும் சீக்கிரம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். பழைய அலமாரியில் புதுச் சரக்கை முன்னால் அடுக்கிக்கொண்டே போவார்கள், பழசு மூலையில் கிடக்கும். சாய்வு ரேக்கில் அந்தப் பேச்சே இல்லை, முதலில் ஏறியதுதான் முதலில் இறங்கும். பேனல் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் கேஸ்கெட்டுக்கும் இதே கதைதான். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

குறையும் உண்டு. மாட்ட வந்தவர்கள் எல்லா வரிசைக்கும் ஒரே சாய்வு வைத்துவிட்டுப் போனார்கள். லக் டப்பா கனம், சர்ரென்று இறங்கி முன் தடுப்பில் இடித்து லக் எல்லாம் தரையில் சிதறியது. கேஸ்கெட் டப்பா லேசு, நடுவழியிலேயே நின்றது. போன் பண்ணினால் "இன்னா வாறோம், நாளைக்கு வாறோம்" என்றார்களே தவிர ஆள் வரவில்லை. கடைசியில் எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சியே ஆலன் கீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்பக்கக் குறுக்குப் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, ஏற்றி இறக்கி, டப்பாவைப் போட்டுப் பார்த்து முறுக்கினார். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கனமான டப்பா என்றால் 5 சென்டிமீட்டர் இறக்கம் போதும், லேசான டப்பாவுக்கு 9 வரை வேண்டியிருக்கிறது. வெல்டிங் ரேக்காக இருந்தால் கட்டர் வைத்து அறுத்திருக்க வேண்டும். பொருளுக்கு நான் நல்ல மார்க் போடுவேன், விற்பனைக்குப் பின் சேவைக்குப் போட மாட்டேன்.

தூசி அடுத்த பிரச்சனை. ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த டப்பாவில் கான்டாக்டரை வைத்தால் மண் உள்ளே போய் முனை கெடும். அதனால் ரிலே, கான்டாக்டர் இரண்டையும் மேஜைக்குப் போகும்வரை கம்பெனி அட்டைப் பெட்டியை விட்டு எடுப்பதில்லை. காலி அட்டை குவிகிறதே என்று வயரிங் அக்கா ஒருத்தர் கோபப்பட்டார், நியாயம்தான். மேஜைக்குக் கீழே ஒரு சாக்கு வளையம் மாட்டிக் கொடுத்தோம். அடித்தட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வைக்கச் சொன்னதும் நாங்கள்தான். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்கள் தரையோடு சரக்கு வைக்க மாட்டார்கள்.

எல்லாச் சாமானும் இதில் ஏறாது. பேனலுக்குள் சாமான்களை மாட்டுகிற இரண்டு மீட்டர் டின் ரயில் பட்டை, வயர் ஓடுகிற பிவிசி சேனல் இரண்டுக்கும் செங்குத்து ஸ்டாண்ட்தான். வயர் சுருளுக்கு டிரம் ஸ்டாண்ட். தகரப் பெட்டி டிராலியில் வரும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற விலை கூடின டிரைவ், பூட்டிய பீரோவில். வெளியூர்ச் சரக்கு தாமதமானால் ரேக் ஒன்றும் செய்ய முடியாது. ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் லாரி நுழையாது என்று நாம்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும்.

எங்கள் ஓனர் அண்ணாச்சி முதலில் இதெல்லாம் பெரிய கார் கம்பெனிக்கு உள்ளது என்றார். டொயோட்டா கார் கம்பெனியில் தாய்ச்சி ஓனோ என்ற இன்ஜினியர் இந்த முறையை ஆரம்பித்ததே அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான், எடுத்த அளவு மட்டும் திரும்ப அடுக்குவது என்று சொன்னேன். டி.வி.எஸ் குழுமத்துச் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசு வாங்கியதையும் சொன்னேன். அந்தக் குழுமத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர். அண்ணாச்சி அதற்கு மேல் மறுக்கவில்லை. சிறு தொழிலில் வீணாவதைக் குறைக்கிற லீன் முறைக்கான திட்டத்தை மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்தது. அதில் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. அது ஆலோசனைச் செலவுக்கான உதவி, ரேக்குக்குக் கைக்காசுதான்.

பில்லில் பெருந்தொகை ரோலர் பட்டைக்கு. அதனால் டப்பா அகலத்தை அளந்து, எத்தனை வரிசை என்று கணக்குப் போட்டபின் ஆர்டர் கொடுங்கள். சக்கரம் ஒரு பை, ஜாயிண்ட் போல்ட் ஒரு பை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். கனச் சாமான் ஏறும் வரிசையில் போல்ட் தளர்கிறது, மாதத்துக்கு ஒரு தடவை முறுக்கிவிட வேண்டும். டெஸ்டிங் மேஜைக்கு அடுத்த ரேக் வாங்கப் போகிறோம். இந்தத் தடவை பைப்பும் ஜாயிண்டும் மட்டும்தான் வாங்குவது, மாட்டுவது எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சி.