மெலடோனின் போட்டால் கால்வலி குறையுமா? இரண்டு ஓட்ட சீசன் பார்த்தபின் சொல்கிறேன்

நேராகவே சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் ஓடிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது, தூக்கத்துக்காகப் போடும் மெலடோனின் மாத்திரையால் எனக்குக் குறையவில்லை. ஆனால் தூக்கம் நேரத்துக்கு வந்தது, அந்தத் தூக்கத்தால் வாரம் முழுக்கப் பயிற்சி கெடாமல் போனது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் ஓட்டக் குழுவில் சிலர் இதை ஆஹா ஓஹோ என்கிறார்கள், சிலர் காசு தண்டம் என்கிறார்கள்.

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்றால், ஜனவரி மாரத்தானுக்கான நீண்ட ஓட்டங்களை ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்திலேயே தொடங்கியாக வேண்டும், ஏழு மணிக்கு மேல் பெசன்ட் நகரிலிருந்து ஈ.சி.ஆர். பக்கம் போனால் வெயில் ஆளை உரித்துவிடும், அதனால் விடிகாலை நாலு மணிக்கே ரோட்டில் இருக்க வேண்டும். அப்படியென்றால் எட்டரைக்குப் படுக்க வேண்டும். எட்டரைக்கு நம் வீடுகளில் யார் தூங்குகிறார்கள்? ஹாலில் சீரியல் ஓடும், ட்யூப்லைட் எரியும், தோசைக்கல்லே அப்போதுதான் அடுப்பில் ஏறும். இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பி தானாகச் சுரக்கிற ஹார்மோன்தான் மெலடோனின். கண்ணில் படும் வெளிச்சம், அதிலும் செல்போனின் நீல வெளிச்சம், அதை அமுக்கிவிடும். மாத்திரை செய்வதெல்லாம் ‘ராத்திரி ஆகிவிட்டது’ என்று உடம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிவிப்பதுதான். ஆளை அடித்துப் போடுகிற தூக்க மாத்திரை ரகம் இல்லை இது.

சரி, தசைக்கு வருவோம். ஸ்பெயினில் மலைப்பாதையில் 50 கிலோமீட்டர் ஓடியவர்களுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ரத்தத்தில் அழற்சியையும் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் காட்டும் அளவுகள் குறைந்திருந்தன. விளம்பரங்களில் வரும் ‘தசை மீட்சி’ பேச்செல்லாம் இந்த மாதிரி ஆய்வுகளைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் இறங்குவது வேறு, கால் லேசாவது வேறு. எனக்கு அளவுகோல் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துப் படிக்கட்டு. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் முன்தொடை கத்தும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடியும். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருகிற வலி அது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம்தான் அடங்கும். மாத்திரை போட்ட வாரமும் போடாத வாரமும் அந்தப் படிக்கட்டில் எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் தெரிந்தது புதன்கிழமை வேகப் பயிற்சியில். ஞாயிறு ஓடிவிட்டு வந்த இரவு, உடம்பு அசந்து கிடக்கும், கால் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும், கண் மூடாது. அந்த இரவு நன்றாகத் தூங்கினால் புதன்கிழமை கால் சொன்னபடி கேட்கிறது. தசையைச் சரிசெய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் இரவின் முதல் பாதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது, ஆக முன்னிரவை விட்டால் நஷ்டம்தான். மாத்திரையே இல்லாமல் நன்றாகத் தூங்கிய வாரங்களிலும் புதன்கிழமை அதே மாதிரிதான் போனது. வேலை பார்ப்பது தூக்கம், மாத்திரை அதற்குக் கதவு திறந்துவிடுகிறது, அவ்வளவுதான் என் முடிவு.

அளவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கடைகளில் 5, 10 மில்லிகிராம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். குழுவில் ஒரு மூத்த அண்ணன் “மூணையே பாதியா உடைச்சுப் போடு தம்பி, போதும்” என்றார், அதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது. ஒரு மில்லிகிராமுக்குக் குறைவான அளவே பலருக்குப் போதும் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. பத்து போட்டவர்கள் காலையில் தலை கனக்கிறது, கனவு தாறுமாறாக வருகிறது என்கிறார்கள். நான் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுவிட்டு விளக்கைக் குறைத்துவிடுவேன். போட்டுவிட்டு ரீல்ஸ் பார்த்தால் மாத்திரை போட்டதற்கே அர்த்தமில்லை.

மாத்திரைக்குப் பதிலாக ‘கம்மி’ (gummy) என்கிற மெல்லும் மிட்டாய் வடிவில் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். 2023இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்ததில் 22இல் லேபிளில் போட்ட அளவு சரியில்லை, ஒன்றில் மெலடோனினே இல்லை. அதனால் நான் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன். மிட்டாய் மாதிரி இருப்பதைக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பதும் எனக்குப் பயம்.

சித்தப்பா எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு என்று கேட்டார், நான் கொடுக்கவில்லை. அவர் ரத்தத்தை இளக வைக்கும் வார்ஃபரின் எடுக்கிறார், அதோடு இதைச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பி.பி., மன அழுத்தம், வலிப்பு, இவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், கர்ப்பமாக இருப்பவர்களும்தான்.

தினமும் நான் போடுவதில்லை. சனி இரவும், கால் துடிக்கிற ஞாயிறு இரவும் மட்டும்தான். மற்ற நாட்களில் மாலை காபியை நிறுத்தி, சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டு வந்ததே போதுமானதாக இருக்கிறது. முயன்று பார்க்க நினைப்பவர்கள் சாதாரண வார இறுதி ஒன்றில் ஆரம்பியுங்கள், பந்தயத்துக்கு முந்தின இரவில் முதல் தடவையாகப் போட வேண்டாம்.