அப்துல்லாபுரம் ஓடுபாதைக்கு எது பொருந்தும்: டார்னியர் 228, ட்வின் ஓட்டர்

வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாததால், 70 பேர் அமரும் ஏடிஆர் 72 விமானத்தை இங்கு எதிர்பார்க்க முடியாது. 19 இருக்கைகள் கொண்ட டார்னியர் 228, ட்வின் ஓட்டர் ஆகிய இரு சிறு விமானங்களையே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

வேகத்தில் டார்னியரே முந்துகிறது. அதன் சக்கரங்கள் பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்கின்றன. ட்வின் ஓட்டரின் சக்கரங்களோ வெளியே நிலையாக நிற்பதால் காற்றின் தடை கூடுகிறது. கான்பூரில் இந்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லே டார்னியரைத் தயாரிப்பதால் உதிரிபாகங்களுக்கும் அலைய வேண்டியதில்லை.

ஆனால், பாதுகாப்பு என்று வரும்போது என் மனம் ட்வின் ஓட்டர் பக்கமே சாய்கிறது. வேலூரின் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது காற்றின் அடர்த்தி குறைந்து, இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் திறனும் ஒருசேரத் தளர்வதால், மேலெழுவதற்கு வழக்கத்தைவிட நீண்ட ஓட்டம் தேவைப்படுகிறது. அந்த ஓட்டத்தின் நடுவே ஓர் இயந்திரம் செயலிழந்தால், நிறுத்துவதற்கும் போதிய தூரம் மிஞ்ச வேண்டும். குறுகிய தளங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ட்வின் ஓட்டருக்கு இங்கு அந்த இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். டார்னியரோ பயணிகளையோ எரிபொருளையோ குறைத்துக்கொண்டுதான் நண்பகலில் கிளம்ப வேண்டியிருக்கும். ஓடுபாதை நீளும்வரை, டார்னியரை அதிகாலைப் பயணங்களுக்கு மட்டும் அமர்த்துவதே முறையாகும்.