45 வாட் ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர்? டயமண்ட், கெஃப், எலாக், கிளிப்ஷ்

மாடி வீட்டுத் தம்பி போன மாதம் டெனான் பிஎம்ஏ-600என்இ ஆம்ப்ளிஃபையர் வாங்கினான். அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு கீழே இறங்கி வந்து ஒரே கேள்விதான் கேட்டான்: “அண்ணா, ஆம்ப் 45 வாட்தான். பார்த்து வெச்சிருக்கிற ஸ்பீக்கர்ல 100 வாட்னு போட்டிருக்கு. இழுக்குமா?”

இழுக்கும். ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 100 வாட், அது தாங்கும் அளவு. பாலத்தின் முகப்பில் இத்தனை டன் வரை என்று எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. அத்தனை டன் ஏறினால்தான் பாலம் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சின்ன ஆம்புக்கு ஸ்பீக்கர் தேடும்போது பார்க்க வேண்டிய எண்கள் வேறு இரண்டு: சென்சிடிவிட்டி எத்தனை டெசிபல், இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் தரும் கரண்டை ஸ்பீக்கர் எவ்வளவு தடுக்கிறது என்பது, எத்தனை ஓம். அப்புறம் எண்ணில் வராத மூன்றாவது ஒன்று உண்டு, ஸ்பீக்கர் எங்கே உட்காரப் போகிறது என்பது. நம் வீடுகளில் கடைசி முடிவு பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் நிற்கிறது.

அவன் குறித்து வைத்திருந்தவை நான்கு ஜோடி: வார்ஃபேடேல் டயமண்ட் 12.1, கெஃப் க்யூ150, எலாக் டெபு பி5.2, கிளிப்ஷ் ஆர்பி-600எம். சிலவற்றுக்கு அடுத்த தலைமுறை வந்துவிட்டது. பழைய கையிருப்பாகவும் செகண்ட் ஹேண்டிலும் கிடைப்பதால் நம்மைப் போன்றவர்களின் கண் இன்னும் இவற்றின் மேல்தான். நான்கையும் நானும் கேட்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. சென்சிடிவிட்டி என்பது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். ஆகவே இரண்டிலும் 88 டெசிபல் என்று எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 4 ஓம்காரன் ஆம்பிடம் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டுதான் அந்த 88-ஐத் தருகிறான். 3 டெசிபல் கூடுதல் சத்தத்துக்கு வாட் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 20 டெசிபலுக்கு நூறு மடங்கு.

இதை ஒரு கச்சேரிப் பதிவில் வைத்துப் பார்க்கலாம். 10-க்கு 14 அடி அறை, ஸ்பீக்கரிலிருந்து 8 அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். 88 டெசிபல் ஸ்பீக்கரில் பாட்டு தெளிவாக, தாராளமாகக் கேட்க சராசரியாக அரை வாட்கூட ஆகாது. 0.3 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கி மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு ‘தொம்’ விழுகிறது. நன்றாகப் பதிவு செய்த இசைத்தட்டில் அந்த ஒரு அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகக்கூடும். 0.3 வாட் ஒரு கணத்தில் 30 வாட் ஆகிறது. 45 வாட் ஆம்ப் அதைச் சிரமமில்லாமல் கொடுத்துவிடும். ஸ்பீக்கர் 85 டெசிபல் என்றால் அதே அடிக்கு 60 வாட் வேண்டும். அது இந்த ஆம்பிடம் இல்லை.

இல்லாததைக் கேட்டால் ஆம்ப் அலையின் தலையைச் சீவிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். உருண்டு எழும்ப வேண்டிய தொம் சப்பென்று தட்டையாக விழும். சத்தத்தை இன்னும் ஏற்றினால் தாழ்ந்த ஒலி அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட, மேல் ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூடு முழுக்க ட்வீட்டரின், அதாவது பெட்டியில் மேல் ஒலியைத் தரும் சின்ன வட்டின், தலையில் இறங்கும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கிரகப்பிரவேசத்துக்கு, கையால் கோத்த ஒரு சின்ன ஆம்பை முழு வால்யூமில் வைத்துப் பகல் முழுக்க நாதஸ்வரம் ஓடவிட்டோம். சாயங்காலம் வலப்பக்க ட்வீட்டரில் மூச்சில்லை. கழற்றிப் பார்த்தேன். தலைமுடிக் கனத்தில் இருந்த செம்புச் சுருள் கறுத்து, ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. ஸ்பீக்கரைச் சின்ன ஆம்ப் ஒன்றும் செய்யாது என்று நம்பியிருந்த காலம் அது.

அதற்காகச் சின்ன ஆம்ப் என்றாலே குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1978-இல் வந்த நாட் 3020 ஆம்பின் திறன் பக்கத்துக்கு வெறும் 20 வாட். இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். டெனானின் 45 வாட்டும் நேர்மையான 45 வாட். 8 ஓமுக்கு 45, 4 ஓமுக்கு 70 என்று கொடுக்கிறது. கீழே இம்பீடன்ஸ் இறங்கும்போது மேலே வாட் ஏறுகிறது என்றால் உள்ளே கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். ‘50 வாட்’ என்று அச்சடித்து வரும் உள்ளங்கை அளவு கிளாஸ் டி ஆம்புகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை மாட்டினால் 8 ஓமுக்கு 20 வாட் வந்தாலே அதிகம். வோல்ட்டை வைத்து நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்: 19-ஐ 19-ஆல் பெருக்கி, 8 ஓமின் இரண்டு மடங்கான 16-ஆல் வகுத்தால் 22.5. அதிலும் கொஞ்சம் உள்ளேயே போய்விடும்.

சரி, நான்குக்கும் வருவோம்.

டயமண்ட் 12.1-இன் கணக்கு இந்த ஆம்புக்குச் சட்டையைப் போலப் பொருந்துகிறது. 88 டெசிபல், 8 ஓம் ஆம்புகளுக்கு ஏற்றது, கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச ஆம்ப் 20 வாட். வார்ஃபேடேல் 1932-இல் கில்பர்ட் பிரிக்ஸ் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தொடங்கியது. டயமண்ட் என்ற பெயர் எண்பதுகளிலிருந்து சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கருக்கு என்றே இருக்கிறது. 2020-இல் வந்த இந்த 12 வரிசையை வடிவமைத்தவர் ஜெர்மனிக்காரரான கார்ல்-ஹைன்ஸ் ஃபிங்க். தாழ்ந்த ஒலியைத் தரும் 130 மில்லிமீட்டர் ஊஃபர், பாலிப்ரொப்பிலீனில் மைக்கா கலந்த கோன், துணியால் ஆன ட்வீட்டர். இதில் எனக்குப் பிடித்தது குரல்தான். வாயைத் திறந்து பாடும் ‘ஆ’காரம் நெஞ்சிலிருந்து வருவதுபோல் கனமாக வருகிறது; ‘ச’, ‘ஷ’ எல்லாம் பல்லில் கூசுவதில்லை. பழைய சினிமாப் பாட்டுகளின் பதிவுகளில் மேல் ஒலி ஏற்கனவே காரமாக இருக்கும். அதை இது எண்ணெய் தடவிய மாதிரி ஆற்றிக் கொடுக்கிறது. குறை இல்லாமலில்லை. 65 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது மெல்ல விலகிக்கொள்கிறது. பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தியை மீட்டும்போது இதில் நாம் கேட்பது பெரும்பாலும் 82-இலும் 123-இலும் இருக்கும் அதன் மேல் சுரங்களை. காது மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது என்றாலும், பெரிய ஸ்பீக்கரில் கேட்டுப் பழகியவருக்கு வித்தியாசம் தெரியும்.

கெஃப் க்யூ150 வேறு குணம். ஊஃபரின் நட்ட நடுவில் ட்வீட்டர் இருக்கும். யூனி-க்யூ என்று பெயர், 1988 முதல் கெஃப்பின் அடையாளமே இதுதான். மேல் ஒலியும் கீழ் ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால் பாடுபவர் இங்கே, வயலின் அங்கே, மிருதங்கம் இந்தப் பக்கம் என்று விரலை நீட்டிக் காட்டலாம். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் தொனி அதிகம் மாறுவதில்லை. ஹாலில் நான்கு பேர் நான்கு மூலையில் இருக்கும் வீட்டில் இது உண்மையான வசதி. ஆனால் 86 டெசிபல்தான். டயமண்ட் 10 வாட்டில் செய்வதற்கு இதற்குக் கிட்டத்தட்ட 16 வாட் வேண்டும். தாளில் 8 ஓம் என்று இருந்தாலும், பக்கத்திலேயே குறைந்தபட்சம் 3.7 ஓம் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது. பெயரளவு ஓமைவிட இந்தக் குறைந்தபட்ச ஓம்தான் முக்கியம். ஆம்ப் சூடாவதும், பாதுகாப்பு ரிலே ‘டக்’கென்று விழுந்து பாட்டு நிற்பதும் அந்தப் பள்ளத்தில்தான் நடக்கும். டெனான் இதைத் தாங்கும். பின்பக்கத்தில் ‘6 ஓமுக்குக் குறையக் கூடாது’ என்று எழுதிய ஆம்ப் உங்களிடம் இருந்தால் இந்த ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள்.

எலாக் பி5.2 ஆண்ட்ரூ ஜோன்ஸ் வடிவமைத்தது, 2018-இல் வந்தது. 86 டெசிபல், 6 ஓம். அந்த 6 ஓமைச் சேர்த்துப் பார்த்தால் 2.83 வோல்ட்டில் 1.33 வாட் வாங்கிக்கொள்கிறது. ஆக, 1 வாட் கணக்கில் 85-க்கும் கொஞ்சம் கீழே. நான்கில் அதிகப் பசி இதற்குத்தான். அந்தப் பசிக்குப் பதிலாக இந்த அளவுப் பெட்டியில் எதிர்பார்க்காத அடி ஒலியைத் தருகிறது. 46 ஹெர்ட்ஸ் வரை போகும் என்பது கம்பெனிக் கணக்கு. தவிலின் அடி வயிற்றில் தட்டுகிறது. மிதமான சத்தத்தில் 45 வாட்டில் நன்றாகவே இருக்கும். வால்யூம் முள் பாதியைத் தாண்டினால் ஆம்ப் திணறுவது தெரியும். இதன் போர்ட், அதாவது காற்றுத் துவாரம், முன்பக்கம் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

கிளிப்ஷ் ஆர்பி-600எம் தாளில் 96 டெசிபல். டயமண்டின் 10 வாட் வேலையை இது 1.6 வாட்டில் முடித்துவிடும் என்று அர்த்தம். வெளியார் அளந்தபோது அதைவிடப் பல டெசிபல் குறைவாகவே வந்திருக்கிறது என்பதால் அந்த 96-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைத்துப் பார்த்தாலும் நான்கில் எளிதாக முழங்குவது இதுதான். 6.5 அங்குல ஊஃபர், டைட்டானியம் ட்வீட்டர், அதன் முன்னால் நாதஸ்வர அனசுபோல விரியும் ஹார்ன். பால் கிளிப்ஷ் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 1946-இல் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஹார்ன்தான் இவர்களுடைய வழி. 10 வாட் வால்வ் ஆம்ப் வைத்திருப்பவருக்கு யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஆனால் நம் ஹாலைப் பாருங்கள்: டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஜன்னல், ஒரு ஸ்டீல் பீரோ. மேல் ஒலி எதிலும் அடங்காமல் துள்ளும் அறை. அதில் ஹார்னின் வெளிச்சமும் சேர்ந்தால், உச்ச ஸ்தாயியில் நாதஸ்வரம் ஏறும்போது கை தானாக வால்யூம் குமிழைத் தேடும். இது ஸ்பீக்கரின் தப்பு என்று சொல்ல மாட்டேன். கனமான திரையும் தடித்த ஜமுக்காளமும் போட்ட அறையில் இதே ஸ்பீக்கர் உயிரோடு பாடும். கோரைப்பாய் போதாது, மெல்லிசு.

இப்போது அந்தத் துவாரம். நம் வீடுகளில் ஸ்பீக்கருக்கு என்று ஒதுக்கும் இடம் அநேகமாக ஹால் சுவரில் பதித்த கடப்பாக் கல் செல்ஃப். பின்பக்கம் துவாரம் உள்ள டயமண்டையோ கெஃப்பையோ கிளிப்ஷையோ அதில் செருகினால் பெட்டி விடும் மூச்சு பின்சுவரில் மோதி, செல்ஃபுக்குள்ளேயே உறுமும். பேஸ் கூடிவிட்டது என்று முதல் நாள் சந்தோஷமாக இருக்கும். மூன்றாம் நாள் ஆண் குரலெல்லாம் பானைக்குள் பேசுவதுபோல் தோன்றும். சுத்தமான காலுறையைச் சுருட்டித் துவாரத்தில் செருகினால் ஓரளவு அடங்கும், ஆனால் பேஸும் கொஞ்சம் போகும். செல்ஃபைத் தவிர இடமே இல்லை என்றால் என் தேர்வு எலாக்தான். ஸ்பீக்கரின் பசியைப் பொறுத்துக்கொள்ளலாம், மூச்சுமுட்டலைப் பொறுக்க முடியாது. மேஜையில் வைத்து மூன்றடி தூரத்தில் கேட்பவருக்கு கெஃப். அந்தத் தூரத்தில் வாட் ஒரு பிரச்சினையே இல்லை.

தம்பியின் அறையில் செல்ஃப் இல்லை, ஒரு சுவர் முழுக்கக் காலி. அவனுக்கு நான் சொன்னது டயமண்ட் 12.1. சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், இரண்டுக்கும் நடுவே ஆறடி, ட்வீட்டர் காது உயரத்தில். ஸ்டாண்ட் வாங்கக் காசில்லை என்றான். வீடு கட்டியபோது மிஞ்சிய கடப்பாக் கல் துண்டுகள் இரண்டு மொட்டைமாடியில் கிடந்தன. ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் கல்லை வைத்து, ஸ்பீக்கருக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு மூலையிலும் ரப்பர் அழிப்பானை வெட்டி வைத்தோம். வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வீட்டு வயரே போதும், பக்கத்துக்கு மூன்று மீட்டருக்குள் என்றால்.

வாங்குவதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்தான், நீங்களும் செய்யுங்கள். தன் ஆம்பையே துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். ஷோரூமில் எல்லா ஸ்பீக்கரும் பெரிய ஆம்பில் ஓடிக்கொண்டிருந்தன. நம்முடைய 45 வாட்டில் மாட்டி, தெரிந்த பாட்டையே போட்டு, நான்கையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்க வேண்டும். மொபைலில் டெசிபல் காட்டும் செயலி எதுவாக இருந்தாலும் இதற்குப் போதும். சத்தம் ஒன்றாகாவிட்டால் கிளிப்ஷ்தான் ஜெயித்ததுபோல் தோன்றும். கொஞ்சம் உரக்கக் கேட்பதே நன்றாக இருப்பதாகக் காதுக்குப் படும். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாராம்.