இறையியல் கல்லூரியில் முழுநேர ஆசிரியப் பணி: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

இறையியலில் முதுநிலைப் படிப்பை முடித்து முனைவர் பட்டத்தை நோக்கி நகர்கிற ஒருவருக்குக் கற்பித்தலே தன் அழைப்பு என்ற எண்ணம் உறுதிப்படும்போது, அவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. போதகர்களையும் குருக்களையும் உருவாக்கும் கல்லூரியில் முழுநேர ஆசிரியராகச் சேரலாம். பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையிலோ சமயவியல் துறையிலோ இடம் தேடலாம். அல்லது சபைப் பொறுப்பில் இருந்தபடியே வாரத்திற்கு ஓரிரு வகுப்புகளை மட்டும் எடுக்கலாம். முதலில் சொன்ன கல்லூரியைக் கத்தோலிக்கர் குருமடம் என்றும், சீர்திருத்தச் சபையினர் இறையியல் கல்லூரி என்றும் அழைப்பது வழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே பாடத்தை வேறு வேறு அறைகளில் நடத்துவதாகவே தோன்றும். புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய கடிதமாகிய ரோமர் நிருபத்தை எங்கே நடத்தினாலும் அதற்குப் பதினாறு அதிகாரங்கள்தானே என்று கேட்கலாம். ஆனால் நடத்துகிறவர் யாருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டும் என்பது ஒவ்வோர் இடத்திலும் வேறாக இருக்கிறது. சம்பளம், நூலகம், விடுமுறை ஆகியவற்றை ஒப்பிடுவதற்கு முன் இந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை என்பது என் கணிப்பு.

குருமடத்தின் பெயரிலேயே அதன் வேலை அடங்கியிருக்கிறது. 'செமினாரியும்' என்ற இலத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்த தனது இருபத்து மூன்றாம் அமர்வில், மறைமாவட்டங்கள் குருத்துவத்திற்கான இளைஞர்களை வளர்க்க இத்தகைய இல்லங்களை நிறுவ வேண்டும் என்று ஆணையிட்டபோது, அறிஞர்களை உண்டாக்குவது அதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. பயிற்சியற்ற குருக்களால் மக்களுக்கு நேர்ந்த கேட்டைத் தடுப்பதே நோக்கமாக இருந்தது. அந்த நோக்கம் இன்றும் மாறவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் வெளியிட்ட ஊக்கவுரை, குருத்துவப் பயிற்சியை மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப் பணி என்று நான்கு தளங்களாக வகுக்கிறது. பாடம் நடத்துவது அவற்றில் ஒன்று மட்டுமே என்பதை வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம் முனைவர்கள் பலர் கவனிப்பதில்லை.

பல்கலைக்கழகப் பேராசிரியர் மாணவரின் விடைத்தாளை மதிப்பிடுகிறார். இறையியல் கல்லூரி ஆசிரியரோ விடைத்தாளோடு மாணவரையும் மதிப்பிட வேண்டியிருக்கிறது. அவர் பொறுமையுள்ளவரா, அதிகாரத்தை எப்படிக் கையாளுவார், துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வார் என்றெல்லாம் ஆசிரியர் குழுவின் கூட்டத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கருத்தினால் ஒருவரது திருப்பொழிவு (குருவாகவோ போதகராகவோ திருநிலைப்படுத்தும் சடங்கு) ஓராண்டு தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். கிரேக்க இலக்கணத்தில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கியவரைப் பார்த்து, உங்களிடம் ஒரு சபையை ஒப்படைக்க எங்களுக்கு மனமில்லை என்று சொல்வதற்கு எந்த முனைவர் பட்டமும் பயிற்சி தருவதில்லை. இந்தச் சிக்கலை உணர்ந்தே 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், ஒரு மாணவரைத் திருநிலைப்படுத்துவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கையில் அவருடைய ஆன்ம குருவிடமும் அவரது பாவ அறிக்கையைக் கேட்ட குருவிடமும் ஒருபோதும் கருத்துக் கேட்கக் கூடாது என்று 240-ஆம் விதியில் வரம்பு கட்டியிருக்கிறது. பல சீர்திருத்தச் சபைக் கல்லூரிகளில் இப்படி எழுதப்பட்ட வரம்பு இருப்பதில்லை. மாணவர் நம்பிப் பகிர்ந்துகொண்ட ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதே மாணவரைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சங்கடம் அங்கே ஆசிரியரின் மனச்சாட்சிக்கே விடப்படுகிறது. இந்தப் பொறுப்பைச் சுமையாக மட்டும் பார்ப்பவர் இந்தப் பணிக்கு வராமலிருப்பது அவருக்கும் மாணவருக்கும் நல்லது. மறுபக்கத்தில், மூன்று ஆண்டுகள் ஒருவரோடு ஒரே ஆலயத்தில் மன்றாடி, ஒரே மேசையில் உண்டு, அவர் வளர்வதைக் கண்ணால் காணும் நிறைவு பல்கலைக்கழகத்தில் அரிதாகவே கிடைக்கும்.

கருத்துச் சுதந்திரத்தைப் பொறுத்தவரை ஒப்பீடு வேறு திசையில் சாய்கிறது. சுவிஸ் நாட்டவரான ஹான்ஸ் கியூங், கத்தோலிக்க இறையியலாளராகக் கற்பிக்கத் திருச்சபை தரும் அங்கீகாரத்தை 1979 டிசம்பரில் இழந்தார். அவர் பணியாற்றிய டியூபிங்கன் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், கத்தோலிக்க இறையியல் புலத்திற்கு வெளியே அவருக்குப் பேராசிரியர் பதவி தொடர்ந்தது. 1996-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் கரனுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. 1986-இல் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் தகுதி வத்திக்கானால் மறுக்கப்பட்டு, தொடுத்த வழக்கிலும் தோற்று, கடைசியில் வேறொரு பல்கலைக்கழகத்திற்குப் போனார். கத்தோலிக்க எல்லைக்கு வெளியிலும் நிலைமை பெரிதாக வேறுபட்டதல்ல. செயின்ட் லூயிஸ் நகரின் கன்கோர்டியா லுத்தரன் கல்லூரியில் வேத விளக்க முறை பற்றிய சர்ச்சையில் முதல்வர் இடைநீக்கம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1974 பிப்ரவரியில் ஐம்பது ஆசிரியர்களில் நாற்பத்தைந்து பேர் மாணவர்களில் பெரும்பாலானோருடன் வெளியேறித் தனிக் கல்லூரியையே தொடங்கினார்கள்.

இவ்வாறு நேரும்போது சட்டம் துணை நிற்கும் என்று எண்ணுவதும் பிழையாகலாம். மத அமைப்புகள் தம் சமயப் பணியாளர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் நீக்குவதிலும் பணியிடப் பாகுபாட்டுச் சட்டங்கள் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நீக்கப்பட்டவர் ஒரு சபைப் பள்ளியின் ஆசிரியை. இறையியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் நேராகப் பொருந்தும். அதே நாட்டின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940-ஆம் ஆண்டின் அறிக்கையில், சமய நோக்கம் காரணமாகக் கல்விச் சுதந்திரத்திற்கு வரம்பு இருக்குமானால் அதை நியமனத்தின்போதே எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதே தவிர, அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அந்தச் சங்கத்திற்கு இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகமே மேல் என்று முடிவுகட்டுவது அவசரம். சமயவியல் துறையில், சபையின் கோட்பாடுகளை ஏற்பதாகச் சொல்லும் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் அங்கே, இது உண்மையா, இதை நம்பி ஒருவர் தன் வாழ்வை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி வகுப்பறையின் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. உயிர்த்தெழுதல் நம்பிக்கை எப்படி உருவாயிற்று என்று விவாதிக்கலாம். அது நடந்ததா என்று பேராசிரியர் தன் பெயரில் சாட்சி சொல்வது அத்துறையின் இலக்கணத்திற்குப் புறம்பானது. இந்த மௌனமும் ஒரு கட்டுப்பாடுதான். எழுதிவைக்கப்படாததால் நமக்கு அது கட்டுப்பாடாகத் தெரிவதில்லை. இதோடு, மொழி, வரலாறு, சமயவியல் போன்ற கலைத் துறைகளில் நிரந்தரப் பணியிடங்கள் பல நாடுகளிலும் சுருங்கிவருவதால், ஒப்பந்தப் பணியில் ஆண்டுக்கணக்கில் இருப்பவரின் சுதந்திரம் காகிதத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவரும் தன் சொற்களை எடைபோட்டே பேசுகிறார்.

தகுதிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். குருமடத்தில் மெய்யியல், இறையியல், சட்டம் ஆகியவற்றைக் கற்பிக்க, திருப்பீடம் (வத்திக்கான்) அங்கீகரித்த பல்கலைக்கழகத்திலோ புலத்திலோ பெற்ற முனைவர் பட்டமோ அதற்கு முந்தைய நிலையான 'லைசென்ஷியேட்' பட்டமோ வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 253-ஆம் விதி கூறுகிறது, நியமிப்பவர் ஆயர். சீர்திருத்தச் சபைக் கல்லூரிகளில் பொதுவாக முனைவர் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. பல இடங்களில் குருத்துவ அபிஷேகமும் சில ஆண்டுச் சபை அனுபவமும் சேர்த்துக் கேட்கப்படுகின்றன. விவிலியத் துறைக்கு எபிரேயமும் கிரேக்கமும், ஆய்வு நூல்களைப் படிப்பதற்கு ஜெர்மனும் பிரெஞ்சும் எங்கே போனாலும் தேவைப்படும். பெண்களுக்கு அபிஷேகம் அளிக்காத சபைகளின் கல்லூரிகளில், எவ்வளவு படித்த பெண்ணாக இருந்தாலும் சில பாடங்களும் சில பொறுப்புகளும் மூடியே இருக்கக்கூடும். விண்ணப்பத்திற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டியதில்லை.

அன்றாட வேலையில் இறையியல் கல்லூரி கடினமானது. ஆசிரியர் குழு சிறியதாக இருப்பதால், பழைய ஏற்பாட்டில் ஆய்வு செய்தவர் எபிரேய மொழியையும் பிரசங்கக் கலையையும் சேர்த்து நடத்துவது சாதாரணம். அதோடு விடுதிப் பொறுப்பும், ஆராதனை ஒழுங்கும், நூலகக் குழுவும், நன்கொடையாளரைச் சந்திக்கும் பயணமும் வந்துசேரும். ஆய்வுக்கு மிஞ்சுவது கோடை விடுமுறை மட்டுமே. பல்கலைக்கழகத்தில் பாடச்சுமை குறைவாக இருக்கலாம், ஊதியத்துடன் ஆய்வு விடுப்பும் கிடைக்கலாம். அதற்கு ஈடாக நூல்களையும் கட்டுரைகளையும் இடைவிடாமல் வெளியிட வேண்டியிருக்கும். ஒரு புத்தகத்தை எழுதியே தீர வேண்டும் என்ற வேட்கை உள்ளவர் இந்த இடத்தில் தயங்காமல் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பணியின் பாதுகாப்பு எங்குமே முன்போல் இல்லை. அமெரிக்காவின் மிகப் பழமையான முதுநிலை இறையியல் பள்ளியாகிய ஆண்டோவர் 1807-இல் தொடங்கப்பட்டது. பின்னர் நியூட்டன் கல்லூரியோடு இணைந்த அப்பள்ளி, 2017-இல் தன் வளாகத்தை விட்டு யேல் பல்கலைக்கழக இறையியல் பள்ளிக்குள் குடியேறியது. இருநூறு ஆண்டுப் பெருமை மட்டும் ஒரு நிறுவனத்தைத் தாங்கிவிடாது. சபைகளின் எண்ணிக்கையும் மாணவர் சேர்க்கையும் குறையும்போது கல்லூரியும் ஆசிரியர் இடங்களும் சேர்ந்தே குறைகின்றன. கத்தோலிக்கக் குருவாக இருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு: ஆயரோ துறவற சபைத் தலைவரோ ஒரு கடிதத்தால் அவரைப் பங்குப் பணிக்கு மாற்றிவிடலாம், பத்தாண்டுகளாகச் சேர்த்த ஆய்வுக் குறிப்புகள் பெட்டியிலேயே கிடக்கும்.

மூன்றாம் வழியைப் பலர் இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறையியலைத் திசைதிருப்பிய ரோமர் நிருப விளக்கவுரையைச் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் எழுதியது பேராசிரியராக இருந்தபோது அல்ல. 1911 முதல் 1921 வரை சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் என்ற சிற்றூரில் போதகராக இருந்த காலத்தில். அடுத்த ஞாயிறு என்ன பிரசங்கிப்பது என்ற நெருக்கடியே அவரை அந்த நிருபத்துக்குள் தள்ளியது. 1921-இல் கோட்டிங்கனில் பேராசிரியர் பதவி வந்தபோது அவரிடம் முனைவர் பட்டம்கூட இல்லை. அடக்க ஆராதனையிலும் மருத்துவமனைப் படுக்கையருகிலும் எழும் கேள்விகளோடு வகுப்புக்கு வரும் பகுதிநேர ஆசிரியரிடம் மாணவர்கள் கற்றுக்கொள்வதை வேறு யாரும் கற்றுத்தர முடியாது. குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் கல்லூரி 1963-இல் விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கி, ஆசிரியர்களை மாணவர்களின் ஊர்களுக்கே அனுப்பியதன் பின்னணியிலும் இதே எண்ணம் இருந்தது: சபையைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏற்கெனவே ஊரில் இருக்கிறார்கள், அவர்களை அங்கிருந்து பிடுங்கி வளாகத்திற்குக் கொண்டுவருவானேன் என்பதே அது. ஆயினும் இந்த வழிக்கும் விலை உண்டு. பகுதிநேர ஊதியம் பாடக் கணக்கில் வருவது. காப்பீடும் ஓய்வூதியமும் அதில் இல்லை. ஆசிரியர் குழுவின் கூட்டத்தில் இவருக்கு வாக்கும் இல்லை. சனிக்கிழமை இரவில் விடைத்தாளும் பிரசங்கக் குறிப்பும் ஒரே மேசையில் மோதிக்கொள்ளும்.

ஒரு வழியில் சேர்ந்தவர் அதிலேயே முடிய வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர்; 1935-இல், நாஜிகளின் தலையீட்டை எதிர்த்த அறிக்கைத் திருச்சபையின் ஃபிங்கன்வால்டே குருமடத்தை ஏற்று நடத்தினார். மறு ஆண்டே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அனுமதி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது; 1937-இல் நாஜிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ குருமடத்தையும் மூடியது. சில டஜன் இளம் போதகர்களோடு ஒன்றாக மன்றாடி, ஒன்றாகப் படித்த அந்தக் குறுகிய காலத்தில்தான் பல்கலைக்கழகம் அவருக்குத் தராத ஒரு பணியை அவர் கண்டடைந்தார்.

ஆகையால், முனைவர் பட்டம் கைக்கு வந்தவுடன் நேராக இறையியல் கல்லூரியின் முழுநேரப் பணிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கைந்து ஆண்டுகள் சபையில் இருந்து, அதே காலத்தில் பகுதிநேரமாக வகுப்பெடுத்துப் பார்த்த பிறகு, மாணவரின் கட்டுரையைவிட மாணவரே தன் கவனத்தைக் கவர்கிறார் என்று காண்பவர் முழுநேரத்துக்கு வரலாம். கட்டுரைதான் கவர்கிறது என்றால் பல்கலைக்கழகமே அவருக்குரிய இடம். குருவோ போதகரோ அல்லாத பொதுநிலையினருக்குச் சபைப் பொறுப்பு கிடைக்காது என்பார்கள். மறைக்கல்வி, மருத்துவமனை ஆற்றுப்படுத்தல், இளைஞர் பணி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் அதே காலத்தைச் செலவிட்டாலும் பயன் ஏறத்தாழ ஒன்றுதான்.

நியமனக் கடிதம் கையில் வரும்போது ஊதிய வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். எந்த விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா, பருவத்திற்கு எத்தனை பாடங்கள், மாணவர் மதிப்பீட்டில் தன் பங்கு என்ன, இடமாற்றம் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, குற்றச்சாட்டு எழுந்தால் விசாரிப்பது எந்தக் குழு என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறிப்பாக, தன் ஆய்வின் முடிவு கையெழுத்திட்ட விசுவாச அறிக்கையோடு மோதினால் முதலில் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதைக் கல்லூரி முதல்வரிடம் நேரில் கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் கடிதமாக வாங்கிக் கோப்பில் வைத்த பிறகு கையெழுத்திடலாம்.