என் ஸ்டாட்டரையே எனக்கு விற்றார்கள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். திறப்பைத் திருப்பும்போது எஞ்சினைச் சுற்றி எழுப்புவது ஸ்டாட்டர் மோட்டர். போன மாதம் 41,500 ரூபா கொடுத்து நான் மாற்றிய அந்த மோட்டர், ஏற்கனவே என் காரில் இருந்த அதே மோட்டர்தான்.

கார் பழைய மாருதி ஆல்ட்டோ, மேனுவல் கியர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த ஊரில் பழைய காரை யார் கைவிட்டார்கள்? எப்படியாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நம் தவிப்பு கராஜ்காரர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரேயொரு சத்தம். டாஷ்போர்டில் இருந்த லைட் எல்லாம் சேர்ந்து அணைந்தன. திறப்பை விட்டதும் மெல்லத் திரும்பி வந்தன. மறுபடி திருப்பினேன், மறுபடி டிக். தங்கையோடு அம்மாவை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, எங்கள் கேட்டில் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்து நம்பரை அடித்தேன். ‘வீட்டுக்கே வந்து திருத்துவோம்’ என்று இருந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை, நம்பர் மட்டும். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அரை மணித்தியாலத்தில் இரண்டு பேர் வந்தார்கள். சொந்தப் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து, ஜம்ப் கேபிளின் கிளிப்புகளை என் பற்றரி வயரின் பிடிகளில் கடிக்க விட்டார்கள். திறப்பைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு ஸ்டாட் ஆனது. சந்தோஷப்பட்டேன். பெரியவர் தலையை ஆட்டி, “ஸ்டாட்டர் இவரய், மாத்தயா” என்றார், ஸ்டாட்டர் முடிந்தது ஐயா என்று சிங்களத்தில். மோட்டர் பழுதாகி அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் இழுக்கிறதாம், இப்படியே விட்டால் பற்றரியும் போய்விடுமாம். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. வேறு பற்றரியில் அவ்வளவு லேசாகச் சுற்றிய ஸ்டாட்டரை எப்படிச் செத்துப்போனது என்று நம்பினேன்?

தெஹிவளைப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் போன் வந்தது: பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளிலிருந்து எடுத்த ரீகண்டிஷன் ஸ்டாட்டர் 32,000, கூலி 6,000, வீட்டுக்கு வந்ததற்கு 3,500. போய்ப் பார்த்தேன். வெள்ளிப் பெயிண்ட் பளபளக்க மோட்டர் பூட்டியிருந்தது. கார் ஒரே திருப்பில் எடுத்தது. பழையதைக் கேட்டேன். “அதைக் கொடுத்துத்தான் ஐயா இதை எடுத்தோம்” என்றார்கள். சரி என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். பில் என்று ஒரு துண்டு தந்தார்கள், அதில் ‘ஸ்டாட்டர் வேலை’ என்ற இரண்டு சொல்லும் தொகையும்தான்.

ஐந்தாம் நாள் காலை, அதே டிக்.

இந்த முறை மேல்வீட்டு அங்கிளைக் கூப்பிட்டேன். எலெக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மல்டிமீட்டரோடு இறங்கி வந்தார். பற்றரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார்: 12.5 வோல்ட். “பற்றரியில குறையில்லை. இப்ப திறப்பைத் திருப்பும்.” திருப்பினேன். 12.3. “பாரும், ஸ்டாட்டர் உண்மையில இழுத்தா இது பத்துப் பதினொன்றுக்கு இறங்க வேணும். இறங்கவே இல்லை. கரண்ட் போகேல்லை எண்டு அர்த்தம்.” பிறகு மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் மற்றதை அதைச் சுற்றியிருக்கும் பிடியிலும் வைத்து, மறுபடி திருப்பச் சொன்னார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. 9 வோல்ட் காட்டியது.

பிடியைக் கழற்றினார். வெளியே சுத்தமாகத்தான் இருந்தது. உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு படை, ஓரத்தில் பச்சைத் தூள். எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவில் போய் முடிகிறது. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்னும், இதை விடுமா? டாஷ்போர்ட் லைட்டுக்கு வேண்டிய சிறு கரண்ட் அந்தப் படைக்குள்ளால் எப்படியோ கசிந்துவிடும். ஸ்டாட்டருக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டும், அது நுழையாது. அன்று ஜம்ப் கேபிளை வயரின் பிடியில் கொடுத்ததால் கரண்ட் இந்தப் படையைத் தொடாமலே போயிருக்கிறது. கராஜில் வேலை செய்யப் பிடியைக் கழற்றிப் பூட்டியபோது கொஞ்சம் உரசுப்பட்டு, நாலு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

கொதிநீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினோம். நுரைத்துப் பொங்கியது. அரத்தாளால் தேய்த்து இறுக்கினோம். எடுத்தது.

அங்கிள் அதோடு விடவில்லை. டோர்ச் அடித்து ஸ்டாட்டரைக் குனிந்து பார்த்தார். “தம்பி, இதைக் கழற்றாமலே பெயின்ட் அடிச்சிருக்கிறாங்கள்.” போல்ட் தலைகளிலும் பக்கத்து வயரிலும் அதே வெள்ளித் துளிகள். துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். பெயிண்டின் கீழிருந்து ஆணியால் கீறிய எழுத்து மேலே வந்தது: 14.3.23. அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் இதே மோட்டருக்குக் கார்பன் பிரஷ் மாற்றிய மெக்கானிக், தன் வேலைக்கு அடையாளமாகக் கீறிய தேதி. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

போட்டோவோடு கராஜுக்குப் போனேன். முதலில் ரீகண்டிஷன் என்றால் பெயிண்ட் அடிக்கத்தான் செய்வார்கள் என்றார்கள். தேதியைக் காட்டியதும் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். ஒரு மணித்தியாலம் வாசலில் நின்ற பிறகு 15,000 கையில் வைத்தார்கள். மீதி இன்னும் வரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர்களின் 1977 நம்பரைப் போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். பில்லில் பாகத்தின் பெயரும் இலக்கமும் இல்லாமல் நான் காசு கொடுத்ததுதான் இப்போது என் கையைக் கட்டுகிறது. கழற்றிய சாமானைக் காருக்குள் வைத்துத் தரவேண்டும் என்று திறப்பைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாலும் இந்தக் கதை நடந்திருக்காது.

நேற்றுப் பார்த்தேன், ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கேட்டிலும் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது. எங்கள் கேட்டில் இருந்ததைச் சுரண்டினேன். பாதிதான் வந்தது.