700 ரூபாய்க் குளிரும் 2,099 ரூபாய்க் குளிரும்

"ஜிஎஸ்டி குறைந்துவிட்டதே, உங்கள் ஐஸ் பாத் விலையும் குறைந்திருக்குமே? நானும் சேரலாமா?" என்று ஷட்டில் ஆட வரும் நண்பர் கேட்டார். குறைந்தது சார். 25 ரூபாய் குறைந்தது.

கணக்கு இதுதான். சென்னை ஓஎம்ஆர் பக்கம் நான் போகும் ஸ்டூடியோவில் ஐஸ் பாத், அதாவது ஜில்லென்ற தண்ணீர் டப்பில் சில நிமிடம் உட்காருவது, ஒரு தடவைக்கு 1,800 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 2,124. ஜிம், சலூன், யோகா வகையறாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம் ஆனது. 1,800-க்கு 5 சதவீதம் போட்டால் 1,890 வர வேண்டும். வந்த பில் 2,099. அடிப்படை விலையே 1,999 ஆகியிருந்தது. ரிசப்ஷனில் கேட்டேன். "ரிவைஸ்டு பிரைசிங் சார்" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 18 சதவீதம் வாங்கிய காலத்தில், கடை வாடகைக்கும் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்துக்கும் தாங்கள் கட்டிய ஜிஎஸ்டியை அதில் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீதத்துக்கு வந்தால் அந்தக் கழிவு கிடையாது. மாத வாடகை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் வரும் 27,000 ரூபாய் வரி இப்போது முழுக்க அவர்கள் தலையில். ஆகவே கொஞ்சம் ஏற்றியது நியாயம்தான். ஆனால் எனக்கு 25 ரூபாய் மட்டும் மிஞ்சும்படி அவ்வளவு துல்லியமாக ஏற்றியிருக்கிறார்களே, அந்தத் துல்லியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐஸ் பாத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்தவன் என்ற முறையில் விலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டாவது இடம் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜிம்மின் பின்புறம். தகரக் கூரை, இரண்டு டப், பார் ஐஸ் கட்டிகள், நடத்துகிற ஓர் அண்ணன். 700 ரூபாய். ரசீது கேட்டால் தருவார், கேட்காவிட்டால் தரமாட்டார்.

இந்த இரண்டு இடத்திலும் என்னை விடாமல் அரித்த ஒரே விஷயம் டிகிரி. நாம் காசு கொடுப்பது குளிருக்கு. ஆனால் எத்தனை டிகிரிக்கு எத்தனை ரூபாய் என்று எந்த இடத்திலும் விலைப்பட்டியல் கிடையாது. ஜிம் பின்புறப் பலகையில் 4 டிகிரி என்று பெரிதாக எழுதியிருக்கிறது, பக்கத்தில் ஒரு பனிக்கரடிப் படம். சந்தேகம் வந்து, கொளத்தூரில் மீன் தொட்டிக்கு விற்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்து மிதக்கவிட்டேன். காலை முதல் ஆளாகப் போனால் 9 டிகிரி. மாலை ஏழு மணிக்கு 16. ஒருநாள் 17-ஐத் தொட்டது. கரடிக்கு மட்டும் எந்நேரமும் 4 டிகிரி.

அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் இது சென்னை. நம் குழாயில் வருவதே 30 டிகிரித் தண்ணீர். மே மாதம் மொட்டை மாடி டேங்கிலிருந்து வந்தால் 35-ஐயும் தாண்டும். ஒரு 400 லிட்டர் டப்பை 30-லிருந்து 10 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 90 கிலோ ஐஸ் வேண்டும். தண்ணீர் 35 டிகிரி என்றால் 110 கிலோ. இதில் காற்றின் சூடும் தகரக் கூரையின் சூடும் சேரவில்லை. அப்புறம் உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் உடம்புச் சூட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகிறார். காலையில் போட்ட ஐஸ் மாலைக்குத் தாங்காது, மறுபடி போட்டால் 700 ரூபாயில் லாபம் நிற்காது. பார் ஐஸாக ஃபேக்டரியில் எடுத்தால்தான் இந்த விலை கட்டுப்படியாகும். ஜூஸ் கடைக்கு வருகிற பை ஐஸ் என்றால் பல மடங்கு ஆகும். பார் ஐஸ் மீனுக்குப் போகிற சரக்கு, சாக்கில் சுற்றி ஆட்டோவில் வரும். அதை எந்தத் தண்ணீரில் உறைய வைத்தார்கள் என்று அண்ணனுக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன்.

லண்டனில் ஹாம்ப்ஸ்டட் ஹீத் குளங்களில் வருடம் முழுக்கக் குளிக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் தானாகவே 5 டிகிரிக்குக் கீழே போய்விடும், நுழைவுக் கட்டணம் மட்டும்தான் செலவு. இதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் குளிரை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஊட்டியில் இருப்பவர்கள் டிசம்பர் அதிகாலையில் குழாயைத் திறந்தால் போதும். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துச் சிரிக்கலாம்.

சரி, அப்படியானால் 2,099 ரூபாய் இடத்தில் அதிகப் பணம் குளிருக்கா போகிறது? அங்கேதான் எனக்கு எரிச்சல். 400 லிட்டரை 20 டிகிரி இறக்க அகற்ற வேண்டிய வெப்பம் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சில்லர் ஏசி மாதிரிதான், ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். ஆகவே உண்மையில் ஆகும் செலவு மூன்றிலிருந்து ஐந்து யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், முப்பது ஐம்பது ரூபாய். அதுவும் முதல் தடவை இறக்குவதற்கு. அடுத்தடுத்து ஆள் மாறும்போது அதைக் காப்பாற்ற இன்னும் குறைவு. நல்ல ஹோட்டலில் ஒரு ஃபில்டர் காபி விலைக்கு மொத்த டப்பும் குளிர்ந்துவிடுகிறது. மிச்சம் இரண்டாயிரமும் வேறெதற்கோ.

வேறெது என்று பட்டியல் போட்டால் எல்லாமே வீண் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சில்லர் இருப்பதால் அங்கே தண்ணீரைத் தினமும் மாற்றுவதில்லை. ஃபில்டரும் ஓசோனும் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள், டப்புக்குள் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்காமல் விடமாட்டார்கள். முதல் தடவை ஒரு படிவம் கொடுத்து, இதய நோய் உண்டா, பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, குளிரில் விரல் வெளுத்துப் போகுமா என்று கேட்டு, கையில் பட்டை கட்டி பிபி பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். சடங்குக்குச் செய்வதில்லை அது. குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் நிமிடம் மூச்சு தன்னிச்சையாக விட்டுவிட்டு இழுக்கும், இதயத்துடிப்பும் பிபியும் எகிறும். ஆபத்து அதிகம் அந்த ஒரு நிமிடத்தில்தான். அப்போது பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் நிற்பதற்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். ஜிம் பின்புறத்து அண்ணன் என்னிடம் கேட்ட ஒரே மருத்துவக் கேள்வி, "சாப்ட்டீங்களா?"

டிகிரி விஷயத்திலும் ஸ்டூடியோ பொய் சொல்லவில்லை. என் மீன் தொட்டி தெர்மாமீட்டரை அங்கேயும் ஒளித்து எடுத்துப் போனேன். திரையில் 10 என்றால் உள்ளே 10, மிஞ்சினால் 11. மாலை ஏழு மணிக்கும் அதே. இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அங்கே தண்ணீர் பம்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐஸ் டப்பில் அசையாமல் உட்கார்ந்தால் தோலை ஒட்டிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் லேசாகச் சூடாகி ஒரு போர்வை போல மூடிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீரில் அந்தச் சலுகை இல்லை. ஸ்டூடியோவில் 12 டிகிரி, அண்ணனின் 9 டிகிரியைவிடக் கடிக்கிறது. பலகையில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் வைத்து விலையை ஒப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது.

ஆனால் ஸ்டூடியோவின் "செஷன்" ஐம்பது நிமிடம். அதில் தண்ணீருக்குள் இருப்பது மூன்று நான்கு நிமிடம். மற்ற நேரமெல்லாம் மூச்சுப் பயிற்சி, மங்கலான விளக்கு, அப்புறம் பிரசங்கம். கோச் நல்ல பையன்தான். ஆனால் ஒவ்வொரு முறையும், மூளையில் உற்சாகம் தூண்டும் ரசாயனமான டோபமைன் 250 சதவீதம் கூடும் என்று ஆரம்பிப்பார். அந்த எண் வந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியான செக் நாட்டு ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 14 டிகிரித் தண்ணீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள், அளந்தது இரத்தத்தில், மூளையில் அல்ல. மூன்று நிமிடத்துக்கு அதே 250-ஐ அப்படியே விற்கிறார்கள். நான் ஒருமுறை மெதுவாக எடுத்துச் சொன்னேன். "எக்ஸாக்ட்லி சார்" என்றார். அடுத்த வாரம் மறுபடியும் 250.

இன்னொரு வேடிக்கை, இந்த டப்புகளை அதிகம் வாங்கி வைப்பது ஜிம்கள்தான். 2015-இல் வந்த ஓர் ஆய்வில் பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில், பயிற்சி முடிந்ததும் 10 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கூடின. என்னைப் போல ஓடிவிட்டு, கால் வலிக்குது என்று வருகிறவனுக்குப் பயன் உண்டு. வலி குறைகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. ஆர்ம்ஸ் ஏற்றுகிற பையன்கள் பயிற்சி முடிந்த கையோடு நேராக டப்பில் இறங்குவதைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். கொடுத்த காசுக்கு எதிர்மாறான வேலை நடக்கிறது.

கிரையோ சேம்பர், அதாவது கடுங்குளிர்க் காற்று நிறைந்த அறை, அதையும் நண்பர் கேட்டார். ஒரு தடவை உள்ளே போனேன், 4,000 ரூபாய், மூன்று நிமிடம். மைனஸ் 110 டிகிரி என்றதும் வாய் பிளக்கத் தேவையில்லை. அது காற்று. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். கிரையோவில் தோல் சில்லிட்டது, ஆனால் 10 டிகிரி டப் தருகிற எலும்பு வரை இறங்கும் குளிர் இல்லை. விலை ஏன் அதிகம் என்றால், நைட்ரஜன் வகை என்றால் மைனஸ் 196-இல் கொதிக்கும் திரவத்தை வாங்கி வாங்கி ஆவியாக்கித் தீர்க்க வேண்டும். மின்சார அறை வகை என்றால் இயந்திரத்தின் விலையே மலைக்க வைக்கும். நைட்ரஜன் கசிந்து நிறைந்தால் அறையில் ஆக்சிஜன் குறையும் என்பதும் சும்மா பயமுறுத்தல் இல்லை. 2015-இல் அமெரிக்காவின் நெவாடாவில் அப்படி ஒரு சாவு நடந்தது. ஜப்பானில் 1978 வாக்கில் மூட்டுவாத நோயாளிகளுக்காக ஆரம்பித்த விஷயம் இது. இப்போது செல்ஃபி எடுக்கிற இடமாகிவிட்டது. எனக்கு வேண்டாம்.

வீட்டிலேயே டப் வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். காற்றடிக்கிற டப் மலிவு. ஆனால் ஐஸ் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது மாடிக்கு 90 கிலோ ஐஸ் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வாங்கலாம். சில்லரோடு வாங்கினால், பெரிய மீன் தொட்டிகளுக்குப் போடுகிற அதே வகைச் சாதனம்தான், பெயரில் வெல்னஸ் என்று சேர்ந்ததும் விலையும் சேர்ந்துகொள்கிறது.

ஆக, கையில் பேப்பர் வைத்து மதிப்பெண் போட்டால் ஸ்டூடியோதான் ஜெயிக்கிறது. டிகிரி உண்மை, தண்ணீர் சுத்தம், பிபி பார்க்கிறார்கள், மாலையில் போனாலும் ஏமாற்றமில்லை. முதல் முறை போகிறவரும், ஐம்பது தாண்டியவரும், பிபி உள்ளவரும் டாக்டரைக் கேட்டுவிட்டு அங்கேதான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நான் மெம்பர்ஷிப்பைப் புதுப்பிக்கப் போவதில்லை. அந்த 25 ரூபாய் தொண்டையில் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு அண்ணனிடம் போகிறேன். அந்நேரம் ஐஸ் புதுசு, டிகிரி ஒற்றை இலக்கம், டோபமைன் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிபி மெஷின் ஒன்றை நானே வாங்கி வைத்துக்கொண்டேன், அண்ணனும் அதில் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத்தான் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

ஸ்டூடியோ பேக்கேஜில் இன்னும் சில தடவைகள் மிச்சம் இருக்கின்றன, மாதக் கடைசியோடு காலாவதி. பிரசங்கம் பிடிக்கும் என்பதால் மச்சினனுக்குக் கொடுக்கலாம் என்று போன் செய்தேன். வேறொருவருக்குச் சும்மா மாற்றித்தர முடியாதாம். மாற்ற வேண்டுமென்றால் 500 ரூபாய் கட்டணமாம், அதற்கும் தனியாக ஜிஎஸ்டி உண்டாம்.